மோட்டார் சூடாயிருச்சு

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளி விடுங்கண்ணே, காத்து வரட்டும். பயப்படாதீங்க, வாந்தியெல்லாம் எடுத்துற மாட்டேன். பஸ்ஸு ஒத்துக்காம இல்ல. நாலு நாளா இப்படித்தான், எதைப் பாத்தாலும் குமட்டுது. சோத்தைப் பாத்தா குமட்டுது, போனைப் பாத்தா குமட்டுது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. அருவருப்புண்ணே. மனுசங்க மேல அருவருப்பு.

மெட்ராஸுக்குத்தான். விசா ஆபீஸு. டென்மார்க் போறேன். அடுத்த மாசம். அட, நீங்களும் கண்ணை விரிக்கிறீங்க பாத்தீங்களா! எல்லாரும் இப்படித்தான். திருமங்கலத்துல எங்க மாமா தெருமுக்குல ஃப்ளெக்ஸே வச்சுட்டாரு. 'டென்மார்க் செல்லும் எங்கள் விஞ்ஞானி பூவலிங்கம்'னு. என் மூஞ்சி, பக்கத்துல எங்கிருந்தோ எடுத்த இரும்பு மனுசன் படம், கீழ வாழ்த்துறவய்ங்க தலை முப்பது. நான் செஞ்ச ரோபாட்டு பூனை சைஸு இருக்கும்ணே, நாலு காலு. அதுக்கும் அந்தப் படத்துக்கும் சம்பந்தமே இல்ல. ச்சை. காலையில அதைத் தாண்டித்தான் பஸ் ஏற வந்தேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்தேன்.

என்ன படிப்புன்னா கேக்குறீங்க? கோயமுத்தூர்ல எம்.இ. ரோபாட் படிப்பு. அதுலயும் சும்மா ரோபாட் இல்ல. குரங்குல இருந்து மனுசன் வந்தான்னு ஸ்கூல்ல படிச்சோம்ல, அந்தப் பரிணாமம், அதைக் கம்ப்யூட்டருக்குள்ள நடத்துறது. இந்தக் காலைத் தூக்கு, அந்தக் காலை வைன்னு நாம சொல்லிக் குடுக்கக் கூடாது. அதுவாத்தான் நடக்கக் கத்துக்கணும். எப்படின்னு கேளுங்க. கம்ப்யூட்டருக்குள்ள நாலுகால் பொம்மை நூறு. ஒவ்வொண்ணுக்கும் கண்டமேனிக்கு ஒரு மூளை. நடங்கடான்னு விடுவோம். எல்லாம் குப்புற விழும். விழுந்ததுலயும் ஒண்ணு ஒரு சாண் தள்ளிப் போயி விழுந்திருக்கும்ல? அதுக்கு மார்க்கு. மார்க்கு வாங்கினதை வச்சுக்கிட்டு மிச்சத்தை அழிச்சிருவோம். வச்சிருக்கறதை ஒண்ணோட ஒண்ணு கலந்து, அங்கங்க கொஞ்சம் மாத்தி விட்டு, மறுபடி நூறு. மறுபடி நடங்கடா. இப்படியே ஆயிரம் தலைமுறை. கடைசியில ஒண்ணு நடக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும்ணே. நானும் இதைக் கேட்டுத்தான் ஏமாந்து போயி சேந்தேன்.

என்ன நடந்துச்சு தெரியுமா? எல்லாம் திருட்டுக் கழுதைக. நாங்க என்ன சொன்னோம், பத்து செகண்டுல எவ்வளவு தூரம் போறியோ அவ்வளவு மார்க்குன்னு சொன்னோம். அது என்ன பண்ணுச்சு, நாலு காலையும் விறைப்பா நீட்டி, உசரமா எந்திரிச்சு, தொப்புன்னு முன்னாடி விழுந்துருச்சு. விழுந்த தூரம் கணக்குல ஏறிருச்சு. அப்புறம் என்ன கவலை, பத்து செகண்டும் படுத்தே கிடக்கு! சரி, விழுந்தா மார்க்கு கிடையாதுன்னு மாத்துனோம். அசையவே இல்லண்ணே. எருமை கணக்கா நின்னுக்கிச்சு. நின்னா விழ மாட்டோம்ல! அதையும் மாத்துனோம். அடுத்தது தரைக் கணக்குல ஒரு ஓட்டை இருந்திருக்கு, அதைக் கண்டுபிடிச்சு காலை உள்ள விட்டு நோண்டி, தரையே அதைத் தூக்கி எறியிற மாதிரி பண்ணி, முழுத் தூரமும் போயிருச்சு. நடக்காமலே! ஒரு அடி எடுத்து வைக்காம முதல் மார்க்கு! சொன்ன வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, சொன்ன காரியத்தை விட்டுருதுண்ணே. எனக்கு உடம்பெல்லாம் எரியும். நாள் பூராம் இந்த ஈனப்புத்தியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்னா மனுசனுக்கு எப்படி இருக்கும்?

என் கூடப் படிச்ச பொண்ணு ஜெஸிந்தா. நாகர்கோவில் பக்கம். அவ அதைப் பாத்துச் சிரிப்பா. "நாம கேட்டதைத்தானே குடுத்திருக்கு. அதைப் போய் ஏன் ஏசுதீங்க? கேட்டது நம்ம தப்பு"ம்பா. எப்படி இருக்கு? திருடினவன் மேல தப்பு இல்லையாம், திருட விட்டவன் மேலதான் தப்பாம். அன்னைக்கே நான் நெனச்சேன், இவ சரிப்பட மாட்டான்னு.

அவளைப் பத்திச் சொல்லணும்ணே, ஏன்னா என் வயித்தெரிச்சலே அவதான். எங்க புரொஃபசர் பேரு மகுடபதி சார். அவருக்கிட்ட அந்த வருசம் நாங்க ரெண்டே பேரு. ஆளுக்கு ஒரு புராஜெக்ட். ஆனா உடம்பு ஒண்ணுதான். அந்தப் பூனை சைஸு ரோபாட்டு இருக்குல்ல, அது டிபார்ட்மெண்டுக்கே ஒண்ணுதான் இருந்துச்சு. காலையில அவ முறை, மத்தியானம் என் முறை. நான் ஒண்ணு சொல்லணும், அவ முறையையும் பாதி நாள் எனக்குத்தான் விட்டுக் குடுப்பா. "நீங்க ஓட்டுங்க, எனக்குக் கம்ப்யூட்டர்லயே வேலை கிடக்கு"ம்பா. பெருந்தன்மையாம். நாம கேக்காம ஒருத்தர் குடுத்தா அதுல ஒரு திமிரு இருக்கும்ணே, கவனிச்சுப் பாருங்க.

அவ வேலை எப்படின்னா, ஒவ்வொரு தலைமுறைக்கும் தரையை மாத்துவா. ஒரு தடவை வழுக்குற தரை, ஒரு தடவை சொரசொரப்பு, ஒரு தடவை மேடு, ஒரு தடவை பள்ளம். ஏன் இப்படி அதுகளைப் போட்டு வதைக்கிறேன்னு கேட்டா, "ஒரே தரையில வளந்தா அந்தத் தரையைத்தான் படிக்கும், நடையைப் படிக்காது"ன்னா. அதுனால என்னாச்சு, அவ பொம்மை நடக்கும், ஆனா மாசமான பொம்பளை மாடியேறுற மாதிரி மெதுவா நடக்கும். பாக்கவே சகிக்காது.

அப்பத்தான் மகுடபதி சார் ஒரு நாள் கூப்பிட்டாரு. அவருக்குத் தெரிஞ்சவர் டென்மார்க்ல ஆராய்ச்சிக்கூடம் நடத்துறாராம். பிஎச்.டி.க்கு ஒரு சீட்டு இருக்காம். ஒண்ணே ஒண்ணு. "கண்ணு, எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். கடைசி ரிவ்யூவுக்கு வெளிய இருந்து ஒரு மேடம் வர்றாங்க. மூணு மீட்டரு. யாருது வேகமா நடக்குதோ, அவிய பேரை எழுதி அனுப்பிப் போடறேன். அம்புட்டுத்தேன்"னாரு. நல்லா நடக்குதான்னு சொல்லியிருந்தாலும் பரவாயில்ல, வேகமான்னு அவரு வாயால சொன்னாரு. இதை நீங்க ஞாபகம் வச்சுக்கணும்.

எனக்கு அந்த சீட்டு வேணும்ணே. ஜெஸிந்தாவுக்கும் வேணும்தான். எனக்கு ரொம்ப வேணும். எங்கப்பா லேத்துப் பட்டறையில இருபத்தஞ்சு வருசம் நின்னு கால் நரம்பு சுருண்டு போனவரு. எங்க வகையறாவுல பாஸ்போர்ட் எடுத்த மொத ஆளே நான்தான். அவளுக்கு என்ன, அவ அப்பா ஸ்கூல் வாத்தியாரு. சீட்டு கிடைக்கலைன்னா மார்த்தாண்டம் பக்கத்துல ஏதாவது காலேஜ்ல லெக்சரர் வேலை பாப்பா. இப்ப அதைத்தான் பாக்குறா. நல்ல வேலைதானண்ணே அது?

இப்ப தரைக் கதைக்கு வரேன். எங்க லேபு முன்னாடி கெமிஸ்ட்ரி லேபா இருந்த இடம். தண்ணி ஊத்திக் கழுவி விடுற தரை. கட்டும்போதே தண்ணி வடியட்டும்னு ஜன்னல் பக்கத்துல இருந்து கதவு மூலைக்குச் சரிவா வாட்டம் விட்டிருக்காய்ங்க. கண்ணுக்குத் தெரியாது. ரொம்ப லேசான வாட்டம். எனக்கும் தெரியாது, சத்தியமாத் தெரியாது. சார்ஜர் பிளக்கு ஜன்னல்கிட்டத்தான் இருந்துச்சு. அதுனால எப்பவும் அங்க வச்சுக் கதவுப் பக்கமா விடுவேன், போயி எடுத்துட்டு வந்து மறுபடி ஜன்னல்கிட்ட வைப்பேன். ரெண்டு மாசம், தினமும் மத்தியானம், கம்ப்யூட்டர்ல தேறுன மூளைகளை ரோபாட்டுல ஏத்தி, இந்தத் தரையில நல்லா நடந்ததை மட்டும் வச்சு வளத்தேன். அதுவும் நல்லா நடந்துச்சு. முன்னாடி சாஞ்சு சாஞ்சு, தடதடன்னு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு.

ஒரு நாள் ஒரு பேரிங் குண்டு கை தவறிக் கீழ விழுந்துச்சு. விழுந்தது அங்கயே கிடக்கணும்ல? உருண்டுச்சு. நிதானமா உருண்டு போயி கதவு மூலையில நின்னுச்சு. நான் போயி எடுத்து டப்பாவுல போட்டேன்.

அவ்வளவுதான். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? குண்டு உருண்டா எடுத்து டப்பாவுலதான் போடணும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ரோபாட்டைக் கதவுப் பக்கம் வச்சு ஜன்னலைப் பாத்து விட்டேன். ரெண்டடி வந்துச்சு, பின்னாடி மல்லாந்துருச்சு. ஏதோ சரியா வைக்கலைன்னு நெனச்சுக்கிட்டேன். திரும்ப விட்டுப் பாக்கல. ரிவ்யூவுக்கு எட்டே நாள் இருந்துச்சு, நேரம் எங்க இருக்கு?

ரிவ்யூ அன்னைக்கு எல்லாம் நேர்மையாத்தான் நடந்துச்சு. நடக்கிற பாதைக்கு டேப் ஒட்டுறது ஸ்டூடண்ட் வேலை. ஜெஸிந்தா சார்ட்டு ஒட்டிக்கிட்டு இருந்தா, நான் டேப் ஒட்டினேன். ஜன்னல்ல இருந்து கதவுக்கு. வழக்கமா ஒட்டுற இடத்துல ஒட்டுனேன். அதே தரை, அதே டேப், அவளுக்கும் அதே வாட்டம்தான? எனக்கு மட்டும் தனியா பள்ளம் தோண்டிக்கிட்டேனா? இதுல என்ன களவாணித்தனம் இருக்கு, சொல்லுங்க.

மொதல்ல என்னுது. பத்தொம்போது செகண்டு! மகுடபதி சார் கையே தட்டிட்டாரு. வந்த மேடம் இருக்காங்களே, வயசானவங்க, கண்ணாடியை மூக்கு நுனியில விட்டுக்கிட்டு, குறிச்சுக்கிட்டாங்க. குறிச்சுட்டு, "நல்லா இருக்கு தம்பி. அப்படியே அந்தப் பக்கம் இருந்து இந்தப் பக்கம் ஒரு தடவை விடுங்க, பாக்கலாம்"னாங்க.

ஏண்ணே, மூணு மீட்டர் நடக்கணும், நடந்துருச்சு. அந்தப் பக்கம் இருந்து வேற எதுக்கு? சிலபஸ்ல இருக்கா? ரிவ்யூ ஃபாரத்துல இருக்கா? ஒருத்தனை மடக்கிப் பாக்கணும்னே வருவாய்ங்கண்ணே இவய்ங்க. பதில் அதுவா வாய்ல வந்துச்சு. "மோட்டார் சூடாயிருச்சு மேடம். இப்ப ஓட்டுனா கியர் பல்லு போயிரும்"னேன். உண்மையிலயே சூடாகிற மோட்டார்தாண்ணே அது. அதுக்கு முந்தின மாசம்கூட ஒண்ணு சூடாயி எரிஞ்சு போச்சு. மேடம் சரின்னுட்டாங்க. "அப்ப ஆறட்டும். அந்தப் பொண்ணுதை அரைமணி கழிச்சுப் பாத்துக்கலாம்"னு சார் கூட டீ குடிக்கப் போயிட்டாங்க.

அடுத்து ஜெஸிந்தா முறைங்கிறதால அவதான் ரோபாட்டைக் கையில எடுத்தா. எடுக்கும்போது விரல் மோட்டார் மேல பட்டுச்சு. அப்படியே நின்னா. ஒவ்வொண்ணா தொட்டா. எட்டு மோட்டாரையும் தொட்டா. தொட்டுட்டு என்னைப் பாத்தா.

கேட்டிருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். கேக்கல. போயி டேபிள் ஃபேனைப் போட்டு, அது முன்னாடி ஸ்டூல்ல உக்காந்து, ரோபாட்டை மடியில வச்சுக் காத்துல காட்டிக்கிட்டு இருந்தா. அரைமணி நேரம். ஜில்லுன்னு இருக்கிற மோட்டாரை! எதுக்கு இந்த நாடகம்? நான் எதிர்ல உக்காந்திருந்தேன். அப்பப்ப நிமிந்து பாப்பா, அப்புறம் குனிஞ்சுக்குவா. எனக்கு இருப்புக்கொள்ளல. எந்திரிச்சுப் போயி நானும் டீ குடிச்சுட்டு வந்தேன்.

அவ பொம்மை அம்பத்தோரு செகண்டு. மாசமான பொம்பளை நடைதான. மேடம் கேக்குறதுக்கு முன்னாடியே அவளா அந்தப் பக்கம் திருப்பி வச்சு விட்டா. அதுலயும் நடந்துச்சு, அம்பத்தெட்டு. மேடம் அவளை ரொம்ப நேரம் பாத்தாங்க. ஆனா சார் கணக்கு வேகம்தான? என் பேரு போச்சு. எல்லாரும் எனக்குக் கை குடுத்தாய்ங்க. அவ மட்டும் குடுக்கல. ஒரு வாழ்த்து கிடையாது. கூடப் படிச்சவளுக்கு இருக்கிற பொறாமையைப் பாருங்க. மனசே விட்டுப் போச்சு எனக்கு.

இதோட முடிஞ்சிருந்தா நான் பாட்டுக்கு இட்லி தின்னுட்டு நிம்மதியா ஃப்ளைட் ஏறியிருப்பேன். போன வாரம் டென்மார்க்ல இருந்து மெயில் வருது. வந்த முதல் வாரத்துல எங்க ரோபாட்டுல உங்க புரோகிராமைப் போட்டு, எல்லாருக்கும் முன்னாடி நடத்திக் காட்டுங்கன்னு. அவய்ங்க தரை எப்படி இருக்கும்? ரசமட்டம் வச்ச கணக்கா சமமா இருக்கும், துளி வாட்டம் இருக்காது. அங்க போயி மல்லாந்துச்சுன்னா, அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிருவாய்ங்க. திருமங்கலத்துல ஃப்ளெக்ஸ் கிழிக்கிறதுக்கு முன்னாடி நான் வந்து இறங்க வேண்டியிருக்கும்.

என்ன பண்றது? ஜெஸிந்தாவுக்கு மெசேஜ் போட்டேன். 'உங்க புரோகிராம் கொஞ்சம் அனுப்புங்க, ரெஃபரன்ஸுக்கு'ன்னு. அவ முடியாதுன்னு சொல்லுவான்னுதாண்ணே போட்டேன். முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் நல்லா திட்டிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். பத்து நிமிசத்துல அனுப்பிட்டா! முழுசா. எந்த வரி எதுக்குன்னு குறிப்பு எழுதி, வேற உடம்புல போட்டா எதை மாத்தணும்னு எழுதி, ரெண்டு வருச உழைப்பை அப்படியே தூக்கிக் குடுத்துட்டா. கொஞ்சமாவது தன்மானம் இருக்கிற பொம்பளை இப்படிக் குடுப்பாளா? எனக்கு அதைத் திறந்து பாக்கும்போதுதான் மொத மொத குமட்டுச்சு. அன்னைக்குப் பிடிச்சதுதான் இது.

கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்தேன். எந்தத் தரையில விட்டாலும் நடக்குது. கருமம், நடந்துக்கிட்டே இருக்கு. மேல என் பேரைப் போட்டேன். புரோகிராமுக்கு யாராவது பேரு போடணும்ல, பழக்கதோசத்துல போட்டேன்.

சரி, ஒரு நன்றி சொல்லுவோம்னு போன் பண்ணினேன். அந்த அளவுக்கு நான் மரியாதை தெரிஞ்சவன்தான். எடுத்தா. நான் பாட்டுக்கு ரொம்ப நன்றி, அங்க போனாலும் மறக்க மாட்டேன், கைமாறு செய்வேன்னு பேசிக்கிட்டே போறேன். கிளாஸ் எடுக்கப் போற நேரம் போல, பின்னாடி பிள்ளைக சத்தம் கேக்குது. கடைசியில சொல்றா, கோவமே இல்லண்ணே குரல்ல, கோவம் இருந்திருந்தாலாவது பரவாயில்ல: "பூவலிங்கம், அன்னைக்கு அந்த மோட்டார் ஜில்லுன்னு தண்ணி மாதிரி இருந்துச்சு. ஃபேன் முன்னாடி உக்காந்து, நீங்களே போய் மேடம்கிட்ட சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அரைமணி நேரம் இருந்துச்சு உங்களுக்கு. இப்ப ஒரு மாசம் இருக்கு"ன்னா. வச்சுட்டா.

எப்படி இருக்கு? எனக்கு டைம் குடுக்குறாளாம்ணே! இவ யாரு எனக்கு டைம் குடுக்க? அன்னைக்கே மேடம்கிட்ட போட்டுக் குடுத்திருக்க வேண்டியதுதான? சீட்டையும் வாங்கிட்டுப் போயிருக்க வேண்டியதுதான? நான் பாட்டுக்கு ஊர்லயே ஏதாவது பாத்துக்கிட்டு, சோத்தைத் தின்னுக்கிட்டு, நிம்மதியா இருந்திருப்பேன்ல? சொல்ல மாட்டாளாம், நான் சொல்லணுமாம். நான் சொல்லுவேன்னு அவளா ஒண்ணை நெனச்சுக்கிட்டு, அரைமணி நேரமா என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு... இப்ப நான் ஷேவ் பண்ண கண்ணாடி முன்னாடி நின்னாலே குமட்டுதுண்ணே. ஒரு மனுசனை இந்த நிலைமைக்கு ஆக்கி வச்சிருக்கா அவ.

நீங்க வெளியாளு. பெரியவரு. ரெண்டு பக்கமும் சேராதவரு. நான் ஒண்ணையும் மறைக்கல, உள்ளது உள்ளபடி சொல்லிட்டேன். நீங்களே சொல்லுங்க, யாரு மேல தப்பு?

அண்ணே. ஏண்ணே எந்திரிக்கிறீங்க? தாம்பரம் இன்னும் வரலையே. பையை ஏன் எடுக்குறீங்க, முன்னாடி சீட்டுலயா உக்காரப் போறீங்க? அங்க வெயில் அடிக்கும்ணே. அண்ணே, உங்களைத்தான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறதுக்கு என்னண்ணே?